இரண்டு ஓரெ

2024 பெப்ரவரி 10, சனிக்கிழமை. காலை ஆறரைக்கு எழுந்து தேநீர் குடித்தேன். கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினேன். ஹெர்னிங் என்ற டேனிஷ் நகரத்தில் நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பத்து மணிக்குத் திறந்து, கண்ணாடித் தட்டுகளைத் துடைத்து, முதலாவதாக வந்த விவசாயிக்குக் காதில் உராய்ந்துகொண்டிருந்த சட்டத்தைச் சூடாக்கி வளைத்துக் கொடுத்தேன். சனிக்கிழமைகளில் கடை இரண்டு மணிக்கு மூடும். மூடுவதற்குச் சற்று முன் மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. காதண்ணையின் மரண அறிவித்தல் வந்திருந்தது.

அவர் வியாழக்கிழமையே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆகவே செய்தி என்னை ஒன்றும் செய்யவில்லை. படம்தான் செய்தது. யாருடையதோ பிறந்தநாள் விழாவில், தட்டிலிருந்து வடை எடுக்கத் திரும்பியபோது எடுத்த படம். நடனத்துக்குச் சுழலும் ஆட்ட விளக்கு பட்டு முகத்தின் ஒரு பாதி பச்சையாகவும் மறுபாதி இருட்டாகவும் இருந்தது. பக்கத்தில் நின்றவரை வெட்டி எறிந்தவர்கள் அவருடைய கையை மறந்துவிட்டதால், வளையல் போட்ட மூன்றாவது கையொன்று இவருடைய தோளிலிருந்து முளைத்திருந்தது. அதெல்லாம் பரவாயில்லை. ஒரு காதுதான் தெரிந்தது.

இந்தப் படம்தான் போடப்போகிறார்கள் என்று முன்கூட்டித் தெரிந்திருந்தால் அவர் சாவதற்குச் சம்மதித்திருக்கவே மாட்டார்.

ஹெர்னிங், இக்காஸ்ட் பக்கத்துத் தமிழர் எல்லோருக்கும் அவர் காதண்ணை. நேரில் அப்படிக் கூப்பிட்டாலும் கோபிக்கமாட்டார். இக்காஸ்டில் துணித் தொழிற்சாலை இருந்தவரை அங்கே வேலை செய்தார். பிறகு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதி. படம் எடுப்பது அவருக்குத் தொழிலல்ல. ஒருவரும் கூப்பிடவுமில்லை. அவராக வருவார்.

தொடக்கம் ரண்டர்ஸில். சலவை இயந்திரத்துக்குக் குழாய் தேடிப் பழைய சாமான் சந்தைக்குப் போனவர், குழாயை விட்டுவிட்டு ஒரு படப்புத்தகத்தோடு வந்தார். சீனாவுக்குத் தந்திக் கம்பி போடப் போன டேனிஷ்காரர் ஒருவர் கொண்டுவந்தது என்று விற்றவர் சொன்னாராம். உள்ளே, தடித்த அட்டைகளில் ஒட்டிய உள்ளங்கை அளவுப் படங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீன ஆண்களும் பெண்களும் கதிரையில் நேராக உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்து, எங்களையே பார்த்தார்கள். பக்கத்தில் சின்ன மேசை. அதில் மூடி போட்ட தேநீர்க் கோப்பை, பூச்சாடி. அங்கியின் கீழ் இரண்டு பாதங்களும் தெரியும். சிலருக்குப் பின்னால், தலை ஆடாமல் பிடித்திருந்த இரும்புத் தாங்கியின் கால் எட்டிப் பார்க்கும். முகங்களில் ஒரு பொட்டு நிழல் கிடையாது.

ஓர் அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் டேனிஷில் எழுதியிருந்தது: 2 ஓரெ. டேனிஷில் ஓரெ என்றால் காது. அவர் இருந்த இருப்பில் எல்லாப் படங்களையும் புரட்டிப் பார்த்தார். எல்லாருக்கும் இரண்டு காதுகளும் தெரிந்தன. ஓர் ஆளுக்கும் குறையவில்லை. அந்தக் காலத்துப் படக்காரன் தனக்கே எழுதிவைத்த கட்டளை இது என்று முடிவெடுத்துவிட்டார்.

அந்த அட்டையை ஒருமுறை கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். என்னோடு வேலை செய்த, பென்சனுக்கு நெருங்கிக்கொண்டிருந்த டேனிஷ் பெண்மணி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஓரெ என்றால் காசும்தான். நூறு ஓரெ ஒரு குரோனர். இரண்டு காது என்றால் ஓரெர் என்று எழுத வேண்டும். இது யாரோ எப்போதோ குறித்த விலை, இரண்டு சதம். நான் அதை அவருக்குத் தமிழில் பொறுமையாக விளங்கப்படுத்தினேன்.

"அப்ப விலையெண்டு சொல்லுறீர்?"

"ஓம் அண்ணை. விலைதான்."

"சரி. படத்திலை காது எத்தினை தெரியுது?"

"ரெண்டு."

"பிறகென்ன கதை?"

இரண்டு கிழமை கழித்து நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். அக்காலத்துச் சீனர் முகத்தில் நிழல் விழுவதை அழுக்குப் போலக் கருதினார்கள், முழு முகத்தையும் இரு காதுகளையும் கேட்டு வாங்கினார்கள், அந்தப் படங்கள் சந்ததி வணங்குவதற்கானவை என்றெல்லாம் அதில் இருந்தது. அந்தப் பெண்மணி அதை வாசித்துவிட்டுத் தேநீர் போடப் போனாள். அவர் என்னைப் பார்த்து, "பிழையா வாசிச்சாலும் சரியாத்தான் வாசிச்சிருக்கிறன்" என்றார்.

அதற்குப் பிறகு அவரோடு ஒரு விழாவுக்கும் நிம்மதியாகப் போக முடியவில்லை. இக்காஸ்டில் விளையாட்டு மண்டபம் ஒன்றில், ஒரு பிள்ளை வயதுக்கு வந்ததைக் கொண்டாடிய சாமத்தியவீட்டுக்கு ஜெர்மனியிலிருந்து படக்காரர் வந்திருந்தார். புகை இயந்திரம், பறக்கும் கமெரா எல்லாம் இருந்தன. பிள்ளையைப் பக்கவாட்டில் நிறுத்தி, தூரத்தில் எதையோ ஏக்கத்தோடு பார்க்கச் சொன்னார்கள். பிள்ளை பார்த்தது அவசரகால வெளியேறும் கதவை. இவர் சாப்பாட்டு மேசையின் வெள்ளை விரிப்பை உருவிக்கொண்டு போய், நிழல் விழும் பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, கொஞ்சம் தள்ளுங்கோ. இது சினிமா மாதிரி எடுக்கிறது" என்றார் படக்காரர்.

"பிள்ளைக்கு மற்றக் காது எங்கை?"

"அது அங்காலை இருக்கு, அண்ணை."

"அங்காலை இருக்கெண்டு உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இந்தப் பிள்ளை ஒருநாள் ஆருக்கோ பூட்டி. அந்தப் பூட்டப்பிள்ளையள் படத்தைப் பாத்து, மனிசிக்கு ஒரு காதுதானாக்கும் எண்டு நினைக்கட்டோ?"

பிள்ளை தோழியிடம் டேனிஷில், இந்த ஆள் யார், ஏன் என் காதைப் பற்றியே பேசுகிறார் என்று கேட்டது. பிள்ளையின் தகப்பன் வந்து அவரைக் கையில் பிடித்துக் கூட்டிப்போய்ச் சோற்றுக்கு முன்னால் உட்காரவைத்தார். விரிப்பில்லாத மேசையில் சாப்பிட்டார்.

அவரை வேண்டிக் கூப்பிட்ட ஒரே ஆள் என் மாமி, மனைவியின் தாய். இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தது. "மயக்க மருந்து குடுக்கிறாங்கள், எழும்பாமல் விட்டனெண்டால் போடுறதுக்கு என்னட்டை ஒரு படமில்லை. இருக்கிற எல்லாத்திலையும் ஆரோ ஒருத்தற்ரை தோள் இருக்கு" என்றார். என் மனைவி அழுதாள். மாமி அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் காதண்ணைக்குப் போன் எடுத்தார்.

அவர் வந்த கோலத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. நான்கு விளக்குகள், வெள்ளைப் படுக்கை விரிப்பு, மடக்கு மேசை, மூடி வைத்த கோப்பை, பிளாஸ்டிக் பூச்சாடி. துடைப்பத் தடியிலும் சைக்கிள் பிடியிலும் அவரே செய்த தலைதாங்கி. சாதாரண டிஜிட்டல் கமெராதான். ஆனால் அதன் வாயில் கறுப்புக் கண்ணாடி ஒன்றைப் பூட்டி, படம் மெல்ல மெல்ல விழும்படி வைத்திருந்தார். முகம் ஆறுதலாக இறங்க வேண்டுமாம். அதுவரை இருபது எண்ணுவார். டேனிஷில்தான் எண்ணுவார். தமிழில் எண்ணினால் ஒளித்துப்பிடித்து விளையாடுவது போல ஆட்கள் சிரித்துவிடுகிறார்களாம்.

மாமி பட்டுச் சேலையோடு உட்கார்ந்தார். முந்தானையை இழுத்து இடது காதை மூடினார். பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது தோட்டைப் பிடித்து இழுத்ததில் அந்தக் காதின் கீழ்மடலான சோணை அறுந்து இரண்டாகப் பிரிந்திருந்தது.

"அம்மா, காது" என்றார் அவர்.

"ஒண்டு காணும் தம்பி."

"ஒண்டு காணாது, அம்மா."

"அதிலை தோடு போடேலாது. தோடில்லாத காதை ஊருக்குக் காட்டிக்கொண்டு போகச் சொல்லுறியளோ?"

"அப்ப ரெண்டையும் கழட்டுவம்."

"நல்லாயிருக்கு. அறுந்த காதுக்காக நல்ல காதும் தண்டனை அனுபவிக்கோணுமோ?"

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உலாவினார். வலக்காதைப் பிரதியெடுத்துக் கணினியில் திருப்பி ஒட்டலாமா என்று கேட்டார். ஒருவருடைய இரண்டு காதும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்று நான் சொன்னேன். மகளின் காதை ஒட்டலாமா என்றார். "அவவின்ர காது நான் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை, எனக்கு வேண்டாம்" என்றார் மாமி. கடைசியில் நான் கடைப் பையைத் திறந்து, மூக்கில் சறுக்கும் கண்ணாடிகளுக்கு ஒட்டும் மெத்தை ஒன்றை எடுத்து, தோட்டை அறுந்த சோணையில் ஒட்டினேன்.

தாங்கியில் தலை, முழங்காலில் கை, நிலத்தில் பாதம். அவர் கமெராவை அழுத்திவிட்டு, அதன் பக்கத்தில் விறைப்பாக நின்று எண்ணத் தொடங்கினார். ஏழில் தோடு அசைந்தது. ஒன்பதில் வழுகத் தொடங்கியது. ஒருவரும் மூச்சு விடவில்லை. மாமிக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் இமைகூட ஆடவில்லை. தோடு கழுத்தில் மெல்ல ஊர்ந்து, தோளில் தங்கி, பதினாறில் சேலை மடிப்புக்குள் போய் மறைந்தது. இருபதுவரை எண்ணி முடித்த பிறகுதான் அவர் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தார்.

படத்தில் மாமியின் முகம் கல்லில் வெட்டியது போலத் தெளிவாக இருந்தது. இடக் காதிலிருந்து தோள்வரை ஒரு பொன்கோடு இறங்கியது.

"பழுதாப் போச்சு. இன்னொருக்கா எடுப்பம்" என்றார் அவர்.

"காது ரெண்டும் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப எடுத்துக் கழுவிக்கொண்டு வாங்கோ."

மாமி சத்திரசிகிச்சையிலிருந்து எழும்பி இன்றைக்கும் சுகமாக இருக்கிறார். படம் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. வருகிற டேனிஷ்காரர்கள் அந்தக் கோடு எங்கள் சமயத்தோடு சம்பந்தப்பட்டதா என்று மரியாதையாகக் கேட்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் வடைத் தட்டோடும் மூன்றாவது கையோடும் போகப்போகிறார். கடையை மூடிவிட்டு நேரே இக்காஸ்டுக்கு, அவருடைய வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், குசினியில், சமையல் மேசையில் தனியாக இருந்தார். முன்னால் சீனப் படப்புத்தகம் விரிந்து கிடந்தது.

"பாத்தனீரே, தம்பி? பெடியன் போனிலை கிடந்ததை எடுத்து அனுப்பிப்போட்டான். செவ்வாய்க்கிழமை செத்தவீடு. பெட்டிக்குப் பக்கத்திலை வைக்கிற பெரிய படம் அடிக்கிற இடத்துக்கு நாளைக்குக் காலமை பத்துமணிக்குள்ளை போகோணும். இதைப் பெரிசாக்கி வைச்சால் மனுசன் எழும்பிப் போயிடும்."

"வேறை படம் இல்லையோ, அக்கா?"

"ஆர் எடுத்தது? நில்லுங்கோ ஒரு படம் எடுப்பம் எண்டால், நான் நிண்டால் வெளிச்சம் ஆர் பாக்கிறது எண்டு ஓடியிடுவார். வாழ்க்கை முழுக்கக் கமெராவுக்குப் பின்னாலை நிண்ட மனுசன்."

பாஸ்போட்டை எடுத்துப் பார்த்தோம். அதில் முகம் நேராகத்தான் இருந்தது. ஆனால் நக அளவுப் படம். அதன் மேல் அலை அலையாகப் பாதுகாப்புக் கோடுகள். பெரிதாக்கிப் பார்த்தபோது மனிதர் கடலுக்கடியில் கிடப்பது போல இருந்தது. அக்கா அதை மூடிவைத்துவிட்டு, படப்புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

"அதுதான் நான் யோசிச்சு வைச்சிருக்கிறன். இவரைப் பாரும்."

வட்டத் தொப்பி போட்ட நடுவயதுச் சீனர் ஒருவர், முழங்காலில் கை வைத்து, வாயை இறுக்கி மூடியபடி என்னைப் பார்த்தார்.

"அக்கா, இது..."

"வாயைப் பாரும். கறியிலை உப்புக் குறைஞ்சால் இவர் வைச்சிருக்கிற வாய். அச்சு அசல். நான் வருசக்கணக்காச் சொல்லிச் சிரிக்கிறனான், நீங்கள் ஏற்கெனவே ஒருக்கா படமெடுத்துப்போட்டியள் எண்டு."

அவர் பகிடியாகப் பேசவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"இந்த ஆளுக்குப் பின்னாலை நீளப் பின்னல் இருக்குமே, அக்கா."

"முன்னுக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறார். பின்னல் எங்கை தெரியுது?"

"தொப்பி?"

"குளிருக்குப் போட்டதெண்டு சொல்லுவம்."

ஓகூஸில் இருக்கும் மகனைப் போனில் பிடித்தார். மகன் வழக்கம்போல டேனிஷில்தான் பேசினான். அம்மா, அது ஒரு சீனர், நூற்றைம்பது வருடத்துக்கு முன் செத்தவர் என்று கத்தியது எனக்கே கேட்டது. அக்கா தமிழில் சொன்னார்: "ஓம். உன்ர படத்திலை உன்ர அப்பா ஒரு காதோடை நிக்கிறார். இவர் வேற்று ஆள்தான், ஆனால் ரெண்டு காதோடை இருக்கிறார். உன்ர அப்பாவைக் கேட்டால் எதை எடுப்பார்?" பிறகு மகன் அன்று முதல் தடவையாகத் தமிழில், "இதைத்தான் எடுப்பார், அம்மா" என்றான்.

நான் எதையும் சரியாக எழுதிவைக்கிற பழக்கமுள்ளவன். பெட்டிக்குள் ஒருவரும் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொருவருமாக ஒரு செத்தவீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அந்த இரண்டில் எது என்று கேட்டால், அவருடைய பதில் எனக்கும் தெரியும். அந்த மேசையில் உட்கார்ந்து வேறு வழி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கடைக் கணினி நினைவுக்கு வந்தது.

புதிய கண்ணாடி செய்யும்போது, கண்மணி சட்டத்தின் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்க ஆளை நேராக வைத்து ஒரு படம் எடுப்போம். அதற்காகச் சட்டத்தின் மேல் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் வைத்த ஓர் அளவுகோலைப் பூட்டுவோம். போன இலையுதிர் காலத்தில் அவர் வந்திருந்தார். எல்லாருக்கும் சொல்வது போல அவருக்கும், நேரே பாருங்கோ என்றேன். கேட்காமலே இரண்டு கைகளையும் எடுத்து முழங்காலில் வைத்தார்.

"நிழல் விழுகுதோ, தம்பி?"

"இல்லை, அண்ணை."

"காது?"

"ரெண்டும் தெரியுது."

படம் எடுத்து முடிந்ததென்று சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு திரையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்லா எடுக்கிறீர், தம்பி" என்றார். மற்றவர் எடுத்த படத்தை அவர் நல்லதென்று சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அப்போது நான் அவருடைய கண்மணி இடைவெளியைக் குறித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அக்காவிடம் சொன்னேன். "ஒரு படம் இருக்கு. ஆனால் நெத்திக்குக் குறுக்காலை ஒரு கம்பி மாதிரி இருக்கும்."

"காது?"

"ரெண்டும்."

"அவர்தானே? வேறை ஆள் இல்லையே?"

"அவர்தான், அக்கா."

அக்கா புத்தகத்தை மூடினார். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். நெடுநேரம் அழுதார். வாடிக்கையாளரின் படத்தை வெளியே கொடுப்பதற்கு அனுமதி வேண்டும் என்பதால், அவர் அழுது முடிந்ததும் ஒரு தாளில் இரண்டு வரி எழுதி ஒப்பம் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலை முதல் வேலையாகக் கடையைத் திறந்து அபாயமணியை நிறுத்தினேன். கோட்டைக் கழற்றாமலே அவருடைய பதிவைத் திறந்தேன். அளவுகோலை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். அழிக்கலாம், ஆனால் அதன் நுனி இடக் காதின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து காதிலும் கொஞ்சம் போகும். அப்படியே அனுப்பினேன். அச்சகத்துப் பெண், நெற்றியில் ஏதோ இருக்கிறதே, எடுத்துவிடட்டுமா என்று உடனே எழுதிக் கேட்டாள். எடுக்க வேண்டாம் என்று பதில் எழுதினேன்.